காலநிலை மாற்றத் தகவமைப்பு: செலவு–பயன் மதிப்பீடு

வெள்ளம், புயல், வறட்சி, கடல்மட்ட உயர்வு ஆகியவற்றின் பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கு ஆகும் செலவையும், அவற்றால் தவிர்க்கப்படும் இழப்பையும் ஒப்பிட்டு, எதை எங்கே எவ்வளவு செய்வது என்று முடிவெடுக்க உதவும் முறை.

முன்னோடிக் கணக்கு

1953 ஜனவரி 31 இரவு வடகடலில் எழுந்த புயல் அலை நெதர்லாந்தின் கரைகளை உடைத்து 1,836 பேரைப் பலிகொண்டது. கரைகளை எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்விக்குக் கணிதவியலாளர் டேவிட் வான் டான்ட்சிக் 1956இல் விடை தந்தார். கரை உயர உயரக் கட்டுமானச் செலவு கூடும். உடைப்பெடுக்கும் வாய்ப்பும் அதனால் வரும் இழப்பும் குறையும். இரண்டையும் கூட்டினால் எந்த உயரத்தில் தொகை மிகக் குறைவோ, அதுவே உகந்த உயரம். மக்களும் தொழில்களும் செறிந்த நடு ஹாலந்துக்கு, 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரக்கூடிய நீர்மட்டத்தைத் தாங்கும் தரம் வகுக்கப்பட்டது.

முடிவை மாற்றுபவை

எதிர்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் கழிவு வீதம் முதன்மையானது. 50 ஆண்டு கழித்துத் தவிர்க்கப்படும் 100 கோடி ரூபாய் இழப்பு, 7 விழுக்காட்டு வீதத்தில் இன்று சுமார் 3.4 கோடிதான், 2 விழுக்காட்டில் சுமார் 37 கோடி. வீதத்தை உயர்த்தினால் பேரன் பேத்திகளின் பாதுகாப்பு கணக்கிலிருந்தே கரைந்துவிடும்.

ஓரிடத்துப் பயன் மற்றோரிடத்துச் செலவாவதும் உண்டு. தமிழகக் கடற்கரையில் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்) அமைத்த ஊரில் மணல் சேர, அடுத்த ஊரில் கடலரிப்பு மிகுவது இதற்குச் சான்று. திட்ட எல்லைக்குள் மட்டும் கணக்கிட்டால் அந்த அடுத்த ஊரின் இழப்பு ஏட்டில் ஏறாது.

குறைந்த செலவு, மிகுந்த பயன்

முன்னெச்சரிக்கை அமைப்புகள் இவ்வகையில் முதலிடம் பெறுபவை. ஒருநாள் முன்னரே தகவல் கிடைத்தால் படகுகளைக் கரையேற்றலாம். கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டலாம். 24 மணி நேர எச்சரிக்கை சேதத்தை 30 விழுக்காடு குறைக்கும் என்று தகவமைப்புக்கான உலக ஆணையம் 2019இல் மதிப்பிட்டது. அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தில் 1970 புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எச்சரிக்கையும் தன்னார்வலர்களும் புயல் காப்பகங்களும் பெருகியபின், 2007 சிதர் புயலில் இறந்தோர் சுமார் 3,400 பேர்.

நீதியின் இடம்

சொத்து மதிப்பை மட்டும் அளந்தால் மாளிகைக்குக் கரையும் குடிசைக்கு வெள்ளமும் வாய்க்கும். நெதர்லாந்து 2017இல் இதைத் திருத்தியது: கரைக்குப் பின்னால் வாழும் எவரும் வெள்ளத்தால் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 1,00,000இல் ஒன்றைத் தாண்டக் கூடாது, இதை 2050க்குள் எட்ட வேண்டும். உயிருக்கான அடிப்படைப் பாதுகாப்பை முதலில் உறுதிசெய்துவிட்டு, அதற்கு மேலான செலவுக்கே கணக்குப் பார்ப்பது இதன் சாரம். நிதி குறைந்த நாடுகளும் பின்பற்ற வேண்டிய வரிசை இதுவே.