கலர் டிவியும் கெர்னலின் இதயத்துடிப்பும்

மக்களே, ஆபீஸ்ல ஆணி புடுங்கும்போது என் ரெண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த ஒரு டைமர்தான் இந்தக் கொசுவத்திக்குக் காரணம். நான் டிரைவர் எழுதின போர்டு பத்து தடவை பூட் பண்ணினா ஒன்பது தடவை ஒழுங்கா எழுந்துக்கும். ஒரு தடவை அப்படியே உறைஞ்சு நிக்கும். ஏன்னு கடைசியில சொல்றேன். முதல்ல கொஞ்சம் பழைய கதை.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது அதில் நேரம் எண்ணியது இன்டெல் 8253 சிப். உள்ளே மூணு கவுண்டர்: ஒண்ணு கடிகாரத்துக்கு, ஒண்ணு மெமரி ரெஃப்ரெஷுக்கு, ஒண்ணு ஸ்பீக்கருக்கு. வேகம் நொடிக்குச் சுமார் 11,93,182 துடிப்பு. ஏன் இப்படி ஒரு கோணல் எண்? அமெரிக்கக் கலர் டிவிதான் காரணம்! 1953-ல் அங்கே ஏற்கப்பட்ட என்டிஎஸ்சி முறையில் வண்ணத்துக்கான துணை அலை 3.579545 மெகாஹெர்ட்ஸ். டிவியில் கலர் காட்டணும்னு அதைப்போல 4 மடங்கில், அதாவது 14.31818 மெகாஹெர்ட்ஸில், ஒரு கிரிஸ்டல் வைத்தார்கள். அதையே 3-ஆல் வகுத்து பிராசசருக்கு, 12-ஆல் வகுத்து டைமருக்கு. செலவு மிச்சம் பாருங்க :-)

கவுண்டர் 16 பிட். அதிகபட்சம் 65,536 வரைதான் எண்ணும். டாஸ் காலத்து "நொடிக்கு 18.2 டிக்" வந்தது இப்படித்தான்.

இந்தச் சிப்புக்கு மின்சாரம் வந்ததும் உள்ளே என்ன மோட், என்ன மதிப்பு, எதுவுமே நிச்சயமில்லை. ஹெக்ஸ் 43 போர்ட்டில் கட்டளை எழுதணும், பிறகு ஹெக்ஸ் 40-ல் கீழ் பைட், அப்புறம் மேல் பைட். வரிசை மாறினா கணக்கே வேற. நொடிக்கு 100 டிக் வேணும்னு லினக்ஸ் 11,932 என்ற எண்ணை எழுதியதும் இப்படித்தான். பின்னாளில் வந்த லோக்கல் ஏபிஐசி டைமரின் வேகத்தை அளக்கவும் பல கணினிகளில் இந்தக் கிழவர்தான் அளவுகோல்!

சரி, என் சொதப்பல். பூட்லோடர் டைமரை ஓட விட்டுட்டுப் போயிருக்கு. நான் அதை நிறுத்தாமலே இன்டரப்ட் ஹேண்ட்லரைப் பதிஞ்சுட்டேன். ஹேண்ட்லர் தொடுற பாயிண்டரை நிரப்பினது அதுக்கடுத்த வரியில. அந்த இடைவெளியில இன்டரப்ட் வந்தா, டரியல்தான்.

தீர்வு: டைமரை நிறுத்து, தேங்கின இன்டரப்டைத் துடை, எண்ணை எழுது, பாயிண்டரை நிரப்பு, ஹேண்ட்லரைப் பதி, கடைசியாத்தான் ஓட விடு. மாத்தினது என்னவோ நாலஞ்சு வரிதான். அதுக்கப்புறம் போர்டு ஒரு தடவைகூட உறையலை, நானும் நல்லாத் தூங்கினேன்.