பீங்கானைக் கவிழ்த்துப் பாருங்கோ

எங்கட பக்கம் பழைய வீடொண்டு கைமாறப் போகுதெண்டால், காணியும் நகையும்தான் முதலில் பிரிபடும். கடைசியாத்தான் கண்ணாடி அலுமாரிக்குள்ள இருக்கிற டின்னர் செற்றில் கண் விழும். ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில பூ. விருந்தாளி வந்தால்கூட வெளியில எடுக்காத சாமான். "பழசு, நல்ல விலை போகும்" எண்டு ஒராள் சொல்லுவார். "இந்தக் காலத்தில ஆர் வாங்குறது?" எண்டு இன்னொராள் கேட்பார். எங்கட வட்டத்திலயும் இந்தக் கேள்வி வந்தது. அதனால நாங்கள் கொஞ்சம் தேடிப் பார்த்தம்.

முதல் வேலை, கோப்பையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கிறது. அங்க இருக்கிற முத்திரைதான் அதின்ட பிறப்புச் சான்றிதழ்.

இலங்கை வீடுகளில கேள்விப்படாத ஆக்கள் குறைவான ஒரு பேரை எடுப்பம்: நொரிடாகே. இது யப்பானில நகோயாவுக்குப் பக்கத்தில இருந்த ஒரு கிராமத்தின்ட பேர். 1904 இல அங்க பீங்கான் கொம்பனி தொடங்கிச்சினம். பூச்சாடி, கிண்ணம் எல்லாம் செய்ய முடிஞ்சது. ஆனால் ஐரோப்பியர் பாவிக்கிற பெரிய தட்டையான சாப்பாட்டுக் கோப்பை மட்டும் சரிவரேல்லை. முழு டின்னர் செற் ஒண்டு செய்து அமெரிக்காவுக்கு அனுப்ப 1914 ஆகிவிட்டது. சோறு போடுற ஒரு கோப்பைக்குப் பத்து வருச உழைப்பு.

இனி முத்திரைக்கு வருவம். இறக்குமதிப் பொருட்களில எந்த நாட்டில செய்தது எண்டு போடவேணும் எண்டு அமெரிக்கா 1890 இல சட்டம் போட்டது. யப்பான்காரர் தங்கட மொழியில 'நிப்பொன்' எண்டு அடிச்சினம். 1921 இல அமெரிக்கச் சுங்கம் அதை ஏற்க மறுத்து, 'ஜப்பான்' எண்டு ஆங்கிலத்திலதான் இருக்கவேணும் எண்டது. அதனால 'நிப்பொன்' முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் அதுக்கு முந்தின சாமான்.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச பிறகு நொரிடாகே கொஞ்சக் காலம் தன்ட பேரையே போடேல்லை. பழைய தரத்தில செய்ய முடியாததால 'ரோஸ் சைனா' எண்டு போட்டது. அந்த வருசங்களில யப்பானிய ஏற்றுமதிச் சாமான்களில 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பானில் தயாரிக்கப்பட்டது' எண்ட வரியும் வந்தது. சமாதான ஒப்பந்தம் 1952 இல நடைமுறைக்கு வர அந்த வரி நிண்டது. அந்த ஒப்பந்தத்துக்கான 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில, யப்பானிட்ட இழப்பீடு கேட்கமாட்டம் எண்டு இலங்கை சார்பில பேசினவர் ஜே.ஆர். ஜெயவர்த்தன. எங்களுக்கு வேற காரணங்களுக்காக ஞாபகம் இருக்கிற அதே ஜே.ஆர்.தான்.

1970களில நொரிடாகே மாத்தளையிலயும் தொழிற்சாலை வைச்சது. 'சிறீலங்கா' எண்டு முத்திரை இருந்தால், அது 1972க்குப் பிந்தினது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதுக்கு முதல் நாட்டின்ட ஆங்கிலப் பேர் 'சிலோன்'.

சரி, விலை? உண்மையைச் சொன்னால் பெரிசா இல்லை. தொழிற்சாலையில ஆயிரக்கணக்கில செய்த சாமான், பழசாகிறதால மட்டும் அரிதாகாது. தங்கக் கோடு மிக மெல்லிய பூச்சு. உருக்கி எடுக்க ஒண்டும் மிஞ்சாது. அந்தக் கோட்டாலதான் மைக்ரோவேவுக்குள்ள வைக்கவும் ஏலாது. பன்னிரண்டு பேர் ஒண்டாயிருந்து சாப்பிடுற மேசையும் இப்ப கன வீடுகளில இல்லை. இணையத்தில ஆரோ ஒருத்தர் போட்டிருக்கிற விலையைப் பார்த்துக் கனவு காணாதேங்கோ. அது அவர் கேட்கிற விலை. உண்மையில வித்து முடிஞ்ச விலையைத் தேடிப் பாருங்கோ. நகத்தால மெதுவாத் தட்டியும் பாருங்கோ. நல்ல பீங்கான் மணி மாதிரிக் கேட்கும், வெடிப்பு இருந்தால் சத்தம் அடைச்சுப்போகும்.

ஆனால் சந்தை கணக்கில எடுக்காத ஒண்டு இருக்கு. 1995 ஒக்ரோபர் கடைசியில யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, ஆர்தான் பீங்கானைக் காவியிருப்பினம்? வன்னியில கடைசி வருசங்களில பானையைக்கூட விட்டிட்டுப் போன சனம். வேற நாட்டில ஒரு முழுச் செற் மிஞ்சுறது சாதாரணம். எங்கட வீடுகளில ஆறு கோப்பை உடையாமல் மிஞ்சியிருந்தால், அதை ஆரோ புதைச்சோ, ஒளிச்சோ, இன்னொரு வீட்டில குடுத்தோ வைச்சிருக்கினம்.

விற்கிறதோ, சகோதரங்களுக்குள்ள பிரிக்கிறதோ உங்கட வீட்டுத் தீர்மானம். அதுக்கு முதல் முத்திரையைப் படம் எடுங்கோ. வீட்டில மூத்த ஆக்கள் இருக்கேக்குள்ளயே கேட்டு எழுதி வையுங்கோ: ஆர் வாங்கினது, எந்தக் கடையில, இடம்பெயரேக்குள்ள எங்க இருந்தது எண்டு. தொழிற்சாலையின்ட கதையை முத்திரையை வைச்சுத் தேடிப் பிடிக்கலாம். இந்தக் கதை அந்த ஆக்களிட்ட மட்டும்தான் இருக்கு.