கடைசிப் பெயர் கட்டாயம்

வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்த நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்போம். விமானம் இறங்கியதும் அதுவே குடும்பப் பெயராகிவிடும். ஆபீஸில் யாராவது "மிஸ்டர் சுப்பிரமணியம்" என்றால் அப்பா எப்போது வந்தார் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். வீட்டம்மா பாடு இன்னும் மோசம். மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவரை, பல் டாக்டர் வரவேற்பறையில் நாலு பேர் நடுவே அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் :-)

இதில் அரசாங்கப் படிவங்களுக்கு எவ்வளவு பங்கோ, சாஃப்ட்வேருக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பொட்டி தட்டக் கற்றுக்கொண்டது திருவனந்தபுரத்தில், 1990-ல் ஆரம்பித்த டெக்னோபார்க்கில். பெயர் விஷயத்தில் அந்த ஊரோடு போட்டி போட முடியாது. 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசாமிக்கு ஒப்படைத்தார். அதிலிருந்து திருவிதாங்கூர் மன்னர்கள் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீபத்மநாபதாச' என்று வரும். சுவாதித் திருநாள், சித்திரைத் திருநாள் என்று ஊர் சொல்லும் பெயர்களோ அவர்கள் பிறந்த நட்சத்திரங்கள். இதில் எது முதல் பெயர், எது கடைசிப் பெயர்? நாயர் வீடுகளில் தறவாட்டுப் பெயர் தாய்வழியாக வந்தது. அந்த ஊர்த் தமிழர்களை எடுத்துக்கொண்டால், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்த எழுத்தாளர் நீல. பத்மநாபனின் 'நீல', அப்பா நீலகண்ட பிள்ளையின் பெயரிலிருந்து வந்தது. ஊர் எழுத்து, அப்பா எழுத்து என்று இரண்டு இனிஷியல் வைத்திருப்பவர்களை எண்ணி மாளாது.

இந்த மனிதர்களை எல்லாம் ஒரு லாகின் பக்கத்துக்குள் அடைக்க வேண்டும்.

பிஎச்பி 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்டது. 2000-ல் வந்த நான்காம் பதிப்பில்தான், உள்ளே வந்த ஆளைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைக்கும் செஷன் வசதி மொழியோடு சேர்ந்தே வந்தது. லாகினைத் தயாராகச் செய்து தரும் லைப்ரரிகள் பெருகின. பேர் தொகுப்பிலிருந்த 'ஆத்' நிறைய கேட்கவில்லை. ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான். டேபிள் பெயரையும் காலம் பெயரையும்கூட நாமே சொல்லிக்கொள்ளலாம்.

வசதி கூடக்கூடத்தான் வினை. 2006-ல் எல்லிஸ்லேப் கம்பெனி கோட்இக்னைட்டரை வெளியிட்டது. எளிமையானது என்பதால் சின்னக் கம்பெனிகள் அதை அள்ளிக்கொண்டன. அதற்காக வந்த 'அயன் ஆத்' லைப்ரரியின் யூசர் டேபிளில் முதல் பெயர், கடைசிப் பெயர், கம்பெனி, போன் எல்லாம் தயாராக இருந்தன. கூடவே கொடுத்த மாதிரிப் படிவத்தில் இரண்டு பெயரும் கட்டாயம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எழுதியவர் ஊரில் மனிதர்களுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். ஆனால் மாதிரிப் படிவத்தை யார் மாற்றுகிறார்கள்? அப்படியே வெட்டி ஒட்டினால் கழக்கூட்டத்தில் செய்த தளமும் கழக்கூட்டத்துக்காரரிடமே கடைசிப் பெயர் கேட்கும்.

இந்தத் தலைவலி பிஎச்பிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பைத்தானின் ஜாங்கோவிலும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு காலம், ஆரம்பத்தில் ஆளுக்கு 30 எழுத்துதான் இருந்தது. 2013-ல் வந்த 1.5 பதிப்பில்தான் "உன் யூசரை நீயே வரையறுத்துக்கொள்" என்றார்கள். லாராவெல் ஆரம்ப டேபிளில் 'பெயர்' என்று ஒரே காலம் வைத்தது, புண்ணியம். எந்த கிளாஸ் யூசர் என்பதையும் நாமே சொல்லலாம்.

இதற்கு அடித்தளம் 2004-ல் வந்த பிஎச்பி 5. ஒரு லைப்ரரி "நீ யார், உன் அப்பா யார் என்று கேட்க மாட்டேன், இந்த நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்" என்று ஒப்பந்தம் போட முடிந்தது அதில்தான். 2011-ல் வந்த சிம்ஃபனி 2 இப்படித்தான் யூசரைக் கையாண்டது.

சொல்வது சுலபம், செய்வதில்தான் வம்பு. உங்கள் கிளாஸை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லும் லைப்ரரி, உள்ளே எங்கோ ஒரு மூலையில், பதிவு செய்யும் இடத்திலோ டோக்கன் சரிபார்க்கும் இடத்திலோ, தன் சொந்த யூசரையே உருவாக்கிவிட்டால் போச்சு. பத்திரிகையில் உங்கள் பெயரை அடித்துவிட்டுப் பந்தியில் வேறு ஆளை உட்கார வைத்த மாதிரி. லாகின் செய்தால் இனிஷியலோடு சரியாக வரும் பெயர், புதிதாகப் பதிந்த உடனே மட்டும் வெறுமையாக வரும். எந்த யூசரை உருவாக்குவது என்பதை ஒரே இடத்தில் முடிவு செய்து, மற்ற எல்லாரும் அங்கே போய்க் கேட்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதைத் தேடியவர்களுக்குத்தான் வலி தெரியும்.

கோட்இக்னைட்டர் 4, பிப்ரவரி 2020-ல் வந்தது. அதற்கான அதிகாரபூர்வ லைப்ரரி 'ஷீல்டு' எனக்குப் பிடித்த வேலையைச் செய்தது. அதன் யூசர் டேபிளில் மனிதரின் பெயருக்கே காலம் கிடையாது. ஈமெயிலும் பாஸ்வேர்டும்கூட அங்கே இல்லை, 'அடையாளங்கள்' என்ற தனி டேபிளில் இருக்கின்றன. ஒரே ஆளுக்குப் பல அடையாளங்கள் இருக்கலாம். பெயர் வேண்டுமென்றால் ஷீல்டின் யூசரிலிருந்து உங்கள் கிளாஸைக் கிளைத்துக்கொண்டு, தறவாட்டுப் பெயரோ ஊர் எழுத்தோ நட்சத்திரமோ எழுதிக்கொள்ளுங்கள்.

படிவங்கள் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. நவம்பர் 2022-ல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் விமான நிறுவனங்களுக்குச் சொன்னது. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவர்களில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டவர்களை யோசித்துப் பாருங்கள். சில நாட்களில் கொஞ்சம் தளர்த்தினார்கள்: பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும்.