வசூலில் பங்கு: இங்கிலாந்தின் சிறு கால்பந்துக் கழகங்களும் கோப்பைப் பணமும்

2025 ஜனவரி 12 அன்று டாம்வொர்த் என்ற சிற்றூரின் திடலில் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அணி 90 நிமிடம் முட்டி மோதியும் ஒரு கோல் போட முடியவில்லை. டாம்வொர்த், இங்கிலாந்துக் கால்பந்தின் ஐந்தாம் அடுக்கில் ஆடும் கழகம். அன்று அதன் கோலைக் காத்த ஜஸ் சிங் வார நாள்களில் கட்டட ஆய்வாளராக வேலை பார்த்தவர். கூடுதல் நேரத்தில் மூன்று கோல்கள் விழுந்தன, டாம்வொர்த் வெளியேறியது. இதுவே ஓராண்டுக்கு முன் நடந்திருந்தால் அந்தக் கூடுதல் நேரமே இருந்திருக்காது. ஆட்டம் சமன் என்று அறிவித்திருப்பார்கள். சில நாள் கழித்து, 62,850 பேர் அமரும் டாட்டன்ஹாம் அரங்கில் மறு ஆட்டம் நடந்திருக்கும். எஃப்.ஏ. (கால்பந்துச் சங்கக்) கோப்பையின் முதல் சுற்று தொடங்கி மறு ஆட்டங்களை ஒழித்த விதி 2024-25 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

கோப்பைப் போட்டியில் சிறு கழகங்கள் ஈட்டும் பணத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பரிசுத்தொகைப் பட்டியலை எடுத்து வைத்துக் கூட்டுகிறார்கள். பட்டியல் கையில் கிடைப்பதால் வரும் பழக்கம் இது. பெரும்பணம் அந்தப் பட்டியலில் இல்லை. நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடும் விதியில் இருக்கிறது. அப்படி வந்த பணம் கழகத்தில் தங்குமா, கரையுமா என்பதை ஆடுகளத்தைவிடக் கழகத்தின் உடைமை முறையே தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மறு ஆட்ட ஒழிப்பை வெறும் கால அட்டவணைச் சிக்கலாகப் பேசுவது தவறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பரிசுத்தொகை. 2023-24 பருவத்தில் ஆறாம் அடுக்குக் கழகமான மெய்ட்ஸ்டன் யுனைடெட் தகுதிச் சுற்றுகளிலிருந்து தொடங்கி ஏழு ஆட்டங்களை வென்று ஐந்தாம் சுற்றை எட்டியது. 1978இல் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் எட்டியதற்குப் பிறகு ஐந்தாம் அடுக்குக்குக் கீழே உள்ள எந்த அணியும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. இப்ஸ்விச்சை அதன் சொந்தத் திடலில் வீழ்த்திய நான்காம் சுற்று ஆட்டத்தில் எதிரணி 38 முறை கோலை நோக்கி அடித்தது; மெய்ட்ஸ்டன் அடித்தது இரண்டே முறை, இரண்டும் கோல். அந்தப் பருவத்தின் பரிசுத்தொகை முதல் சுற்று வெற்றிக்கு 41,000 பவுண்டு, இரண்டாம் சுற்றுக்கு 67,000, மூன்றாம் சுற்றுக்கு 1,05,000, நான்காம் சுற்றுக்கு 1,20,000. தகுதிச் சுற்றுகளின் சில்லறையையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பவுண்டு. ஐம்பது ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் சாதனைக்கு இதுதான் விலை.

இதை எக்ஸிடர் சிட்டியின் கதையோடு ஒப்பிட வேண்டும். 2003இல் எக்ஸிடர், மேல் நான்கு அடுக்குகளைக் குறிக்கும் லீக்கிலிருந்து ஐந்தாம் அடுக்குக்கு இறங்கியது. கடன் கழுத்தை நெரித்தது. ரசிகர்களின் அறக்கட்டளை கழகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கடன்காரர்களோடு சட்டப்படி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அந்த நிலையில்தான் 2005 ஜனவரி 8 அன்று ஓல்ட் டிராஃபோர்டில், 67,551 பேர் முன்னிலையில், மேன்செஸ்டர் யுனைடெட்டோடு கோல் ஏதுமின்றிச் சமன் செய்தது. சொந்த ஊரில் நடந்த மறு ஆட்டம் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. எக்ஸிடர் 2-0 என்று தோற்றது.

எக்ஸிடர் கைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். கோப்பையின் முதன்மைச் சுற்றுகளில் வரியும் ஆட்டச் செலவும் போக எஞ்சும் வசூலில் இரு கழகங்களுக்கும் தலா 45 விழுக்காடு, மீதி 10 விழுக்காடு பொது நிதிக்கு என்பது விதி. சராசரிச் சீட்டு விலை 20 பவுண்டு என்று என் கணக்குக்காக வைத்துக்கொண்டால் மொத்த வசூல் பதின்மூன்றரை லட்சம் பவுண்டு. அன்றைய 17.5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியைக் கழித்தால் பதினொன்றரை லட்சம். அதில் 45 விழுக்காடு என்றால், ஆட்டச் செலவைக் கழிக்குமுன், ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். மெய்ட்ஸ்டன் ஏழு வெற்றிகளில் பரிசாகப் பெற்றதைவிட எக்ஸிடர் ஒரே சமனில், அதுவும் 19 ஆண்டுகளுக்கு முந்தைய பவுண்டில், வசூலாக ஈட்டியிருக்கும். மறு ஆட்டத்தின் ஒளிபரப்புத் தொகை இதில் சேரவில்லை.

டாம்வொர்த்துக்கு வருவோம். மறு ஆட்டத்துக்கு 50,000 பேர் அதே 20 பவுண்டு கொடுத்து வந்திருந்தால், 20 விழுக்காடு வரி போக, அதன் பங்கு 3,75,000 பவுண்டு. மூன்றாம் சுற்றில் தோற்றதற்கு அது பெற்ற பரிசு 25,000. சீட்டு விலையைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தாலும் முடிவு மாறாது.

இங்கே லீக் ஆட்டங்களின் வரலாறு முக்கியம். ஒரு காலத்தில் லீக் ஆட்டங்களிலும் வருகை தரும் அணிக்கு வசூலில் ஒரு பங்கு உண்டு. 1983இல் அது நின்றது. அதன்பின் சொந்தத் திடலின் வசூல் முழுவதும் சொந்தக் கழகத்துக்கே. ஆகவே பெரிய கழகத்தின் வாசலில் விழும் பணம் சிறிய கழகத்துக்கு நேரடியாகப் போய்ச் சேர எஞ்சிய முக்கிய வழி கோப்பைதான். இதை உரிமையாகக் கோரலாமே தவிர, உச்ச அடுக்கான பிரீமியர் லீக் மனமுவந்து தரும் உதவித்தொகையோடு சேர்த்து எண்ணக் கூடாது. ஆட்டத்தை இரண்டு அணிகள் சேர்ந்துதான் நடத்துகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எழுநூற்றுக்கும் மேற்பட்ட கழகங்கள் சேரும் போட்டியில் பெரிய அணியின் திடலுக்குப் போகும் சீட்டு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே குலுக்கலில் விழுகிறது. குலுக்கலை நம்பியா ஒரு கழகத்தின் வாழ்வு இருக்க வேண்டும், அதே பணத்தை எல்லாருக்கும் ஆண்டுதோறும் பிரித்துக் கொடுத்தால் நியாயம் கூடாதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு பிரிவில் உள்ள எல்லாக் கழகங்களுக்கும் ஒரே அளவில் கூடும் பணம் பெரும்பாலும் வீரர் சம்பளமாகவே வெளியேறுகிறது. அதே வீரர்களுக்கு எல்லாரும் அதே கூடுதல் பணத்தோடு போட்டி போடும்போது விலைதான் ஏறும். கோப்பைப் பணம் ஒரே ஒரு கழகத்துக்கு, சம்பள ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிப் பல மாதம் கழிந்த பின், பெரும்பாலும் ஜனவரியில், கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. அடுத்த ஆண்டு வராது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனால் அது கடனுக்கும் கட்டடத்துக்கும் போக வாய்ப்பு அதிகம்.

வாய்ப்புதான், உறுதியில்லை. 2003இல் ஃபார்ன்பரோ டவுன் நான்காம் சுற்றில் ஆர்சனலைத் தன் ஊருக்கு வரவழைக்கும் உரிமையைக் குலுக்கலில் பெற்றது. ஆட்டத்தை ஆர்சனலின் ஹைபரி அரங்குக்கு மாற்றிக்கொண்டது. 35,000 பேர் முன் 5-1 என்று தோற்றது. உரிமையாளரும் மேலாளருமாக இருந்தவர் சில நாள்களிலேயே வேறொரு கழகத்துக்குப் போனார், வீரர்கள் பலரும் பின்தொடர்ந்தார்கள். 2007இல் ஃபார்ன்பரோ டவுன் கலைக்கப்பட்டு, வேறு பெயரில் புதுக் கழகம் தொடங்கவேண்டி வந்தது. நான்கு ஆண்டு இடைவெளியில் வேறு காரணங்களும் இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஹைபரி வசூலின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்த வசூலால் கழகத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்பது மட்டும் தெளிவு. எக்ஸிடரில் பணம் வரும்முன்பே அதற்குச் சட்டப்படி ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது: கடன்காரர்கள் வரிசையில் நின்றார்கள், கழகமோ எந்தத் தனிமனிதர் கையிலும் இல்லை. 2008இல் எக்ஸிடர் லீக்குக்குத் திரும்பியது.

லிங்கன் சிட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2017இல் பர்ன்லியை அதன் ஊரிலேயே வென்று, 1914க்குப் பின் காலிறுதி கண்ட முதல் லீக்சாராக் கழகமானது. காலிறுதியில் ஆர்சனலின் எமிரேட்ஸ் அரங்கில் 5-0 என்று தோற்றாலும் அந்தப் பருவமே ஐந்தாம் அடுக்குப் பட்டத்தை வென்று மேலேறியது. அடுத்த ஆண்டே சொந்தப் பயிற்சித் திடலைத் திறந்தது. அங்கே கோப்பைப் பணம் நல்ல நிர்வாகத்தோடு சேர்ந்து வேலை செய்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மறு ஆட்டத்தை நீக்கியதற்கு ஐரோப்பியப் போட்டிகள் விரிந்ததால் நாள் போதவில்லை என்பது காரணம். பெரிய கழக வீரர்களின் களைப்பு உண்மையே, அதை நான் மறுக்கவில்லை. முடிவைப் பிரீமியர் லீக்கும் கால்பந்துச் சங்கமும் தமக்குள் எடுத்துக்கொண்டன என்பது கீழ் அடுக்குகளின் குறை. அடிமட்டக் கால்பந்துக்கு 3.3 கோடி பவுண்டு வரை கூடுதலாகத் தரப்படும் என்ற அறிவிப்பும் உடன் வந்தது. அது பலருக்கும் பிரிந்து போகும் பணம், சமன் செய்த அணிக்குச் சேரும் பங்கு அல்ல.

மறு ஆட்டம் திரும்பாது என்றே கொள்வோம். அப்படியானால் பங்கீட்டு விதியைத் திருத்தலாம். இரண்டு அடுக்குக்கு மேல் இடைவெளியுள்ள அணிகள் மோதும்போது பெரிய கழகம் தன் 45 விழுக்காட்டில் பாதியைச் சிறியதற்கு விட்டுக்கொடுக்கட்டும். மையத் தொகையாக மட்டும் ஆண்டுக்குப் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் பெறும் ஒரு பிரீமியர் லீக் கழகத்துக்கு அந்த இரண்டு மூன்று லட்சம் பொருட்டே இல்லை. ஆனால் இது பெரிய அரங்கில் நடக்கும் ஆட்டங்களுக்கு மட்டுமே பயன்படும். டாம்வொர்த் போல நாலாயிரம் பேர் கொள்ளும் திடலில் பெரிய அணி வந்து ஆடினால் பங்கிட வசூலே சொற்பம். 2021 ஜனவரியில், கொரோனாவால் திடலே காலியாக இருந்தபோது, எட்டாம் அடுக்கு மரீன் கழகம் டாட்டன்ஹாமோடு ஆடிய ஆட்டத்துக்குப் பத்துப் பவுண்டு விலையில் 30,697 இணையச் சீட்டுகளை விற்றது. மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. வாங்கியவர்களில் டாட்டன்ஹாம் ரசிகர்கள் ஏராளம். திடலின் அளவு வசூலுக்கு எல்லையாக இருக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டிவிட்டது. அந்த வழியைக் கோப்பையின் விதிப்புத்தகத்தில் நிரந்தரமாக எழுதிவைக்க ஒளிபரப்பு ஒப்பந்தங்களில்தான் இடம் தேட வேண்டும். அங்கே பேரம் பேசும் மேசையில் டாம்வொர்த்துக்கு நாற்காலி இல்லை.