கால்பந்து வீரர்களின் உமிழ்நீர்ப் பரிசோதனை: நலக் கண்காணிப்பும் அதன் எல்லையும்

தொழில்முறைக் கால்பந்தில் ஒரு வீரர் 90 நிமிட ஆட்டத்தில் ஏறத்தாழ 10 முதல் 13 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் ஓடினார் என்பதை முதுகில் அணியும் ஜிபிஎஸ் கருவி பதிவு செய்துவிடுகிறது. அந்த ஓட்டத்தை அவருடைய உடல் எவ்வாறு தாங்கிக்கொண்டது என்பதை அது காட்டுவதில்லை. இந்தக் குறையை ஈடுசெய்யவே, ஊசி குத்தாமல் எடுக்கக்கூடிய உமிழ்நீர்ப் பரிசோதனை கழகங்களின் பயிற்சிக் கூடங்களுக்குள் வந்தது. வீரரின் நலத்தையும் ஆட்டத்திறனையும் அது ஒருசேரக் கண்காணிக்கும் என்று சொல்லப்படுவதை ஏற்பதற்கில்லை. நலம் குறித்த கேள்விக்கு உமிழ்நீரில் பயனுள்ள விடை உண்டு, ஆனால் அது வரம்புக்கு உட்பட்டது. ஆட்டத்திறன் குறித்துக் கிடைப்பது மிக மெலிந்த விடையே. பின்னதை நாடும் ஆவலில் முன்னது பாழாகிவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உமிழ்நீரில் ஏறத்தாழ 99 விழுக்காடு நீர்தான். எஞ்சிய சிறு பகுதியில் உப்புகளும் புரதங்களும் ஹார்மோன்களும் உள்ளன. அவற்றுள் நலக் கண்காணிப்புக்கு முதன்மையானது இம்யூனோகுளோபுலின் ஏ எனப்படும் நோயெதிர்ப்புப் புரதம். வாய், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் சளிச்சவ்வில் இது சுரந்து, கிருமிகள் திசுவோடு ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. சளி, தொண்டைவலி போன்ற மேல் சுவாசப்பாதைத் தொற்றுகளே வீரர்களை அடிக்கடி பயிற்சியிலிருந்து விலக்கிவைக்கும் நோய்கள் என்பதால், அவற்றை எதிர்கொள்ளும் முன்வரிசைக் காவலின் அளவை அறிவது மருத்துவருக்கு உண்மையிலேயே உதவும்.

கடும் உழைப்புக்கும் இப்புரதத்துக்கும் உள்ள தொடர்பை 1982-இல் தாமஸ் டோமாசியும் அவருடைய குழுவினரும் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு வீரர்களிடம் கண்டு வெளியிட்டனர். 2008-இல் நெவில், கிளீசன், ஃபோலண்ட் ஆகியோர் அமெரிக்காஸ் கப் பாய்மரப் படகுப் போட்டி வீரர்கள் 38 பேரை 50 வாரங்கள் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஒரு வீரரின் உமிழ்நீரில் இப்புரதத்தின் அளவு, அவர் நலமாக இருக்கும்போது காணப்படும் தம் சொந்தச் சராசரியில் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால், அடுத்த மூன்று வாரங்களுக்குள் அவருக்குத் தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டில் ஒன்று என்பது அவர்களின் முடிவு. பின்னர் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வீரர்களிடம், ஆட்டங்கள் அடுத்தடுத்து நெருக்கமாக வரும் குளிர்காலத்தில் இப்புரதம் தற்காலிகமாகக் குறைவதைக் காட்டியது. இவற்றுள் படகு வீரர்களின் ஆய்வே வழிகாட்டியாக அமைகிறது. அதன் ஆற்றல் 40 என்ற எண்ணில் இல்லை, ‘தம் சொந்தச் சராசரி’ என்ற அடிப்படையில் இருக்கிறது. ஆளுக்கு ஆள் இயல்பான அளவே பெரிதும் வேறுபடுவதால், ஓர் அணி முழுவதற்கும் ஒரே எல்லைக்கோடு வரைந்து அதன் கீழே உள்ளவரைப் பலவீனர் என்று குறிப்பது அறிவியலுக்கு ஒவ்வாது.

மாதிரி எடுக்கும் முறையும் விளைவை மாற்றிவிடும். வீரர் சற்றே தலைகுனிந்து அமர்ந்து, வாயில் ஊறும் நீரை விழுங்காமலும் காறித் துப்பாமலும், உதடு வழியாகக் குழாய்க்குள் வழியவிட வேண்டும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதை எடைபோட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் உள்ள புரதத்தின் அளவு செறிவு எனப்படும். அதை நிமிடத்துக்கு ஊறும் நீரின் அளவால் பெருக்கினால் கிடைப்பது சுரப்பு வீதம். பயிற்சியில் வியர்த்து உடலின் நீர் வற்றிய வீரருக்கு உமிழ்நீர் பாதியாகக் குறைந்து செறிவு இருமடங்கானால், சுரப்பு வீதம் மாறியிருக்காது. செறிவை மட்டும் பார்ப்பவரோ அவருடைய எதிர்ப்பாற்றல் ஓங்கிவிட்டதாக எண்ணிவிடுவார். பல் துலக்கும்போது ஈறிலிருந்து கசியும் சிறிதளவு குருதிகூட டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் அளவை உயர்த்திக் காட்டும். மாதிரியைப் பஞ்சில் ஊறவைத்து எடுத்தால் அந்தப் பஞ்சே சில அளவுகளைப் பிறழச் செய்யும். சோதனைப் பட்டையில் தோன்றும் கோட்டின் நிற அடர்த்தியைச் சிறு கருவி படித்துச் சில நிமிடங்களில் எண்ணைத் தந்துவிடும் இக்காலத்தில், இந்தக் கவனம் தளர்வதற்கே வாய்ப்பு மிகுதி.

ஆட்டத்திறனை முன்கூட்டிச் சொல்வதாகக் கூறப்படுபவை பெரும்பாலும் கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன் என்னும் இரு ஹார்மோன்களையே சார்ந்துள்ளன. முன்னது உடல் நெருக்கடிக்கு ஆளாகும்போது மிகுவது. பின்னது தசையைக் கட்டியெழுப்ப உதவுவது. உமிழ்நீரில் தெரியும் கார்டிசால், குருதியில் புரதத்தோடு பிணைந்திராத, செயல்படும் பகுதியைக் காட்டுவதால் இந்த அளவீட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. எனினும் அது விழித்தெழுந்த 30 முதல் 45 நிமிடங்களில் உச்சத்தை எட்டி, இரவில் அடங்குவது. எழுந்த நேரம் தெரியாத மாதிரியிலிருந்து களைப்பைக் கணிக்க முடியாது. டெஸ்டோஸ்டிரோனோ சூழலுக்கும் சேர்த்து அசைந்து கொடுக்கிறது. நீவும் வுல்ஃப்சனும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சொந்த மைதானத்தில் ஆடுவதற்கு முன் கால்பந்து வீரர்களின் உமிழ்நீரில் இந்த ஹார்மோன் வெளியூர் ஆட்டத்துக்கு முன்பு இருந்ததைவிட உயர்ந்திருந்தது. உயர்ந்த எண்ணைக் கண்டு ‘உடல் தேறிவிட்டது’ என்று தீர்மானிக்கும் பயிற்சியாளர், உண்மையில் சொந்த மைதானத்தின் தாக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். இவ்விரு ஹார்மோன்களின் விகிதம் உடலின் அப்போதைய சுமையைச் சுட்டலாமே தவிர, மிகைப்பயிற்சி நோயை உறுதிசெய்யாது என்று ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் அமைப்பும் அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பும் 2013-இல் வெளியிட்ட கூட்டறிக்கையும் எச்சரித்தது.

இங்கே சற்றும் ஆடம்பரமில்லாத ஒரு மாற்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். சா, மெயின், காஸ்டின் ஆகியோர் 56 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், உறக்கம், மனநிலை, களைப்பு பற்றி வீரர் தாமே சொல்லும் விடைகள், வழக்கமான உடலியல் அளவீடுகளைவிடப் பயிற்சிச் சுமையை நுட்பமாகவும் சீராகவும் காட்டின. ஆகவே உமிழ்நீர் எண் வீரரின் சொல்லுக்குத் துணையாகலாம். அந்தச் சொல்லைச் சோதித்துப் பொய்ப்பிக்கும் கருவியாகக் கூடாது. எண்ணைக் கொண்டு அணியிலிருந்து நீக்கப்படுவோம் என்று அறிந்த வீரர் தொண்டைக் கரகரப்பை மறைப்பார். வேறு நேரத்தில் மாதிரி தருவார். நலக் கண்காணிப்புக்கு அடித்தளமான நம்பிக்கை அத்தோடு சரிந்துவிடும். அளவு இறங்கும்போது செய்ய வேண்டியவை பயிற்சியைக் குறைப்பது, உறக்கத்தையும் உணவையும் சீராக்குவது, நோயுற்றோரிடமிருந்து விலக்கிவைப்பது ஆகியவையே; இவற்றுக்கு அந்த எண் மருத்துவரின் அறையைத் தாண்ட வேண்டிய தேவை இல்லை. வீரர்கள் தம்மைப் பற்றிய தரவுகளைப் பார்க்கவும் அவற்றின் பயன்பாட்டை மறுக்கவும் உரிமை உடையவர்கள் என்று ஃபிஃபாவும் ஃபிஃப்ப்ரோ என்னும் வீரர்கள் சங்கமும் 2022-இல் வெளியிட்ட சாசனம் இந்நிலைப்பாட்டுக்கு வலுச்சேர்க்கிறது.

தனி வீரரைத் தரம்பிரிக்கத் தகுதியற்ற இந்த எண்கள், அணியளவில் தொகுக்கப்படும்போது வேறொரு உண்மையை வெளிக்கொணர்கின்றன. ஓர் அணியினரிடம் பொதுவாகவே எதிர்ப்புப் புரதம் குளிர்காலத்தில் தாழ்கிறது என்றால், குறை எந்த ஒரு வீரரின் உழைப்பிலும் ஒழுங்கிலும் இல்லை. ஆட்ட அட்டவணையிலேயே அதைத் தேட வேண்டும். ஐரோப்பிய லீகுகளின் அமைப்பும் ஃபிஃப்ப்ரோவின் ஐரோப்பியப் பிரிவும் ஃபிஃபாவின் ஆட்ட நாட்காட்டியை எதிர்த்து 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டன; எனினும் அந்த நாட்காட்டியில் இடம்பெற்ற, 32 அணிகள் கொண்ட கழக உலகக் கோப்பை 2025 கோடையில் அமெரிக்காவில் நடந்தும் முடிந்தது. ஆட்டங்களையும் நிமிடங்களையும் எண்ணி நடத்தப்படும் இத்தகைய வழக்குகளில், பெயர் நீக்கித் தொகுக்கப்பட்ட உமிழ்நீர்த் தரவுகளை வீரர்களின் சம்மதத்தோடு சான்றாக வைப்பதற்கு, கழகங்கள் இப்போதே ஒரே நேரத்திலும் ஒரே முறையிலும் மாதிரி எடுக்கத் தங்களுக்குள் உடன்பட வேண்டும்.