கறுப்புப் புகையிலிருந்து மஞ்சள் விளக்கு வரை: டீசல் பிக்கப் வண்டிகளின் கதை



தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்ததுண்டா? காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்கப்படாத காலத்தில், 1928-ல், டாக்டர் சௌரிமுத்து என்பவர் இங்கே ஒரு காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்றைக்கு இருந்த வைத்தியம் நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அதாவது, நம்ம ஊர் ஒரு காலத்தில் நல்ல காற்றுக்காகவே ஆட்கள் தேடி வந்த ஊர்!

இன்று அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றிவரும் குட்டி யானை, தண்ணீர் கேன் ஏற்றிய தோஸ்த், கம்பி ஏற்றிய பொலிரோ பிக்கப் என்று வரிசையாகப் போகும். அவற்றை ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் ஒரே புலம்பல்தான் புலம்புவார்கள்: "மஞ்சள் லைட் எரியுது, ஷெட்டுல விட்டா அணையுது, நாலு நாள்ல மறுபடி எரியுது!" அந்த மஞ்சள் விளக்கு வந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை. வரலாறு தெரிந்தால் அது ஏன் அணைய மறுக்கிறது என்பதும் புரியும்.

புகை சகஜமாக இருந்த காலம்

நம் பக்கத்துக்கும் சிறு சரக்கு வண்டிகளுக்கும் உள்ள உறவு பழையது. பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையை நம் தாத்தாக்கள் நன்றாகவே அறிவார்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரோடு, 'ஸ்டாண்டர்டு 20' என்ற சிறு வேனும் அங்கிருந்து வந்தது. வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட், செம்பியத்தில் சிம்சன். சென்னையின் வடக்கும் தெற்கும் வண்டி செய்தே வளர்ந்தவை.

அந்தக் கால டீசல் எஞ்சினில் மின்னணுச் சமாச்சாரம் எதுவும் கிடையாது. ஒரு பம்பு, நான்கு நாஸில், ஒரு சைலன்ஸர். கறுப்பாகப் புகை வந்தால் "பம்பை இறக்கி கேலிபரேஷன் பண்ணு" என்பார் மெக்கானிக். புகைக்கென்று சட்டமே இல்லை. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில்தான் புகை அளவுக்கு வரம்பு வந்தது. வண்டி தயாரிக்கும்போதே கட்டுப்பாடு என்பது பெட்ரோலுக்கு 1991-லும், டீசலுக்கு 1992-லும்தான் தொடங்கியது.

இந்த மாற்றங்களுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் 1985-ல் டெல்லியின் காற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு. டெல்லிக்காகப் போட்ட வழக்கு, கடைசியில் தாம்பரம் குட்டி யானை வரைக்கும் வந்து சேர்ந்தது!

முதலில் டீசல், பிறகு எஞ்சின்

'பி.எஸ்.' என்று வண்டியின் பின்னால் எழுதியிருக்கிறதே, அது பாரத் ஸ்டேஜ். ஐரோப்பாவின் 'யூரோ' விதிகளை ஒட்டி இந்தியாவில் 2000-ல் முதல் படி வந்தது. 2001-ல் சென்னையில் இரண்டாம் படி. அதே ஆண்டு விஞ்ஞானி மஷேல்கர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் அறிக்கையை வைத்து 2003-ல் வாகன எரிபொருள் கொள்கை உருவானது. 2005 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 11 நகரங்களில் மூன்றாம் படி, 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நான்காம் படி.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. எஞ்சின் மாறுவதற்கு முன் டீசல் மாற வேண்டும். டீசலில் உள்ள கந்தகம் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிகளைப் பாழாக்கிவிடும். இரண்டாம் படியில் பத்து லட்சத்தில் 500 பங்கு கந்தகம் இருக்கலாம். மூன்றாம் படியில் 350, நான்காம் படியில் 50, ஆறாம் படியில் வெறும் 10! இதற்காகச் சுத்திகரிப்பு ஆலைகள் பெரும் செலவில் கந்தகம் நீக்கும் பிரிவுகளைக் கட்ட வேண்டியிருந்தது.

ஆனால் 2010-லிருந்து 2017 வரை நாடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சென்னைக்குள் 50 பங்கு டீசல், பல வெளி மாவட்டங்களில் 350 பங்கு டீசல். சென்னையில் வாங்கிய நான்காம் படி வண்டி தூர சவாரி போய் அங்கே டாங்க்கை நிரப்பினால் நல்ல எஞ்சினுக்குள் கெட்ட டீசல்! 2017 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் ஒரே டீசல் வந்தது.

குட்டி யானை வந்தது

இந்தக் கதையின் நடுவே, 2005-ல், டாடா ஏஸ் வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின். சந்து பொந்தெல்லாம் நுழையும். நம் மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011-ல் அசோக் லேலண்டும் நிஸானும் சேர்ந்து தோஸ்த்தைக் கொண்டுவந்தன. மீன்பாடி வண்டியும் மூன்று சக்கர டெம்போவும் செய்த வேலையை இவை எடுத்துக்கொண்டன.

இந்த வண்டிகள் நிறைய டிரைவர்களை ஓனர்களாக்கின. கொஞ்சம் முன்பணம், மாதா மாதம் டியூ, ஒரு வண்டி, ஒரு குடும்பம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஒரு நாள் ஷெட்டில் நின்றால் ஒரு நாள் வாடகை போச்சு, டியூ மட்டும் நிற்காது.

ஒரே தாவல்

2016 ஜனவரியில் மத்திய அரசு ஒரு பெரிய முடிவை எடுத்தது. ஐந்தாம் படியே வேண்டாம், நான்கிலிருந்து நேராக ஆறு! 2017 மார்ச் 29 அன்று, மூன்றாம் படி வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்போது நாடு முழுக்க 8 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் விற்காமல் நின்றன. தள்ளுபடி விலையில் வாங்கக் கடைசி இரண்டு நாள் ஷோரூம்களில் திருவிழாக் கூட்டம். 2020 ஏப்ரலில் ஆறாம் படி.

இந்தத் தாவல் எவ்வளவு பெரியது? எடை கூடிய பிக்கப் வகை டீசல் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது நான்காம் படியில் 390 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். ஆறாம் படியில் 125 மட்டுமே. கரித்தூள் 60 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகக் குறைய வேண்டும். ஐரோப்பா பல வருடங்களில் ஏறிய படிகளை நாம் மூன்றே வருடத்தில் தாண்டினோம். சிறிய டீசல் எஞ்சினுக்கு இது கட்டுப்படியாகாது என்று மாருதி நிறுவனம் டீசலையே விட்டுவிட்டது.

சைலன்ஸருக்குள் ஒரு தொழிற்சாலை

ஆறாம் படி டீசல் வண்டியின் சைலன்ஸர் பக்கம் என்னென்ன இருக்கும்? சுருக்கமாக:

இ.ஜி.ஆர். வால்வு: வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும். எரியும் சூடு குறைந்து நைட்ரஜன் ஆக்சைடு குறையும்.

டி.பி.எஃப்.: பீங்கானால் ஆன தேன்கூடு மாதிரி ஒரு வடிகட்டி. கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் அதுவே எரித்துச் சாம்பலாக்கும்.

யூரியாக் கரைசல்: டிரைவர்கள் 'ஆட்ப்ளூ' என்பார்கள். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்த நீர். நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். எல்லா வண்டியிலும் இது இருக்காது, சிலவற்றில் வேறு முறை உண்டு.

இவை சரியாக வேலை செய்கின்றனவா என்று கண்காணிப்பது ஓ.பி.டி. என்னும் கம்ப்யூட்டர். 1988-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1996-ல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமானது. இந்தியாவில் 2010-ல் முதல் கட்டமும், 2013-ல் இரண்டாம் கட்டமும் வந்தன. மஞ்சள் விளக்கை எரிய வைப்பது இதுதான். வண்டி தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு!

ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். விளக்கு காட்டுவது நோயை அல்ல, அறிகுறியை. காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை மாற்றுவோமா? ஆனால் ஷெட்டுகளில் நடப்பது பல நேரம் அதுதான். 'வடிகட்டி அடைத்துவிட்டது' என்று கோடு வந்தால் வடிகட்டியை மட்டும் சுத்தம் செய்து, கோடை அழித்து அனுப்பிவிடுகிறார்கள். அடைத்ததன் காரணம் உள்ளேயே இருக்கிறது.

முதல் காரணம், ஓட்டம். கரி எரிய வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடிச் சூடாக வேண்டும். சேலையூரில் ஒரு கேன், செம்பாக்கத்தில் இரண்டு கேன் என்று நூறு முறை நிறுத்தி எடுக்கும் வண்டி எப்போது சூடாகும்? எரிக்கத் தொடங்கிய நேரத்தில் சாவியை அணைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். இதற்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசல் ஆயிலில் கலந்து ஆயில் அளவும் ஏறும். இப்படி ஓடும் வண்டியை அவ்வப்போது வண்டலூர் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராக 20, 30 நிமிடம் ஓட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது, ஆயில். சாம்பல் குறைவாகத் தரும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. விலை குறைவு என்று பழைய வகை ஆயிலை ஊற்றினால் அந்தச் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

மூன்றாவது, கரியை அதிகம் உண்டாக்கும் கோளாறு. ஒழுகும் இன்ஜெக்டர், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் விரிசல், அடைத்த ஏர் ஃபில்டர். இவற்றைப் பார்க்காமல் வடிகட்டியை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

நான்காவது, வயரும் சென்சாரும். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர் பக்கம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீரில் நின்ற வண்டியின் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறினால் நல்ல சென்சாரும் பொய் சொல்லும். விலை கூடிய நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரை மாற்றும் முன், வயரைப் பிடித்துப் பார்க்கப் பைசா செலவில்லை.

ஐந்தாவது, யூரியா. தண்ணீர் கலந்த கரைசலும், வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த கேனும் நாஸிலில் உப்புப் பூத்து அடைக்கும்.

ஆகவே வரிசை இதுதான்: கோடு எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் பதிவானது என்று முதலில் படிப்பது, பிறகு கண்ணால் பார்ப்பது, வயர், காற்றுக் கசிவு, டீசல் கசிவு. பாகம் மாற்றுவது கடைசி.

கூடத்தில் ஒன்று, ரோட்டில் ஒன்று

இதெல்லாம் டிரைவர்களின் தவறு மட்டும்தானா? இல்லை. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2005 முதல் தயாரித்த சுமார் 1.14 லட்சம் டவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சோதனை விதிகளை ஊழியர்கள் மீறியதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அடுத்தது உலகமே பேசிய கதை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று, எடுத்துச் செல்லக்கூடிய சோதனைக் கருவியை டீசல் கார்களில் ஏற்றி ரோட்டிலேயே ஓட்டிப் பார்த்தது. ஒரு ஃபோக்ஸ்வேகன் கார் வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விட்டது! 2014-ல் முடிவு வெளியானது. 2015 செப்டம்பரில் மோசடி அம்பலமானது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக நடக்கும் மென்பொருளை வண்டியிலேயே வைத்திருந்தார்கள். அந்த ஆய்வுக்குழுவில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம், நம்ம சென்னைக்காரர். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு ஐரோப்பாவில் கட்டாயமான ரோட்டுச் சோதனை, 2023 ஏப்ரலில் இந்தியாவிலும் ஆறாம் படியின் இரண்டாம் கட்டமாக வந்தது.

பெரிய கம்பெனி செய்த அதே தந்திரம் இன்று சின்ன அளவில் நடக்கிறது. வடிகட்டியை உள்ளே உடைத்தெடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அந்தப் பகுதியை அழித்துவிடுவது. விளக்கு எரியாது. புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. தப்பித்துவிடலாம்.

அப்படிச் செய்கிற டிரைவரைத் திட்டுவது சுலபம். டியூ கட்டும் அவருக்கு வேறு வழியை யார் காட்டினார்கள்? சட்டம் போட்டவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள், வண்டி செய்தவர்கள் விற்றுவிட்டார்கள், ரிப்பேர்ச் செலவு மட்டும் அவர் தலையில். தெருவோர மெக்கானிக்குகளுக்கு நியாயமான விலையில் ஸ்கேனரும் பயிற்சியும், வாங்கும்போதே "இந்த வண்டி குறுகிய தூர ஓட்டத்துக்கு ஆகுமா" என்று உண்மையைச் சொல்லும் ஷோரூமும் இருந்தால் பாதி வடிகட்டிகள் உடையாமல் பிழைக்கும்.

ஆனால் ஒன்று. உடைத்த வடிகட்டியிலிருந்து வரும் கரியை முதலில் சுவாசிப்பவர் அந்த டிரைவரேதான். அடுத்து, அவர் வண்டிக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நிற்கும் நீங்களும் நானும். மஞ்சள் விளக்கு எரிந்தால் அதை அணைக்கச் சொல்லாதீர்கள், அது என்ன சொல்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிக்கப் ஓட்டுகிறவர் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.