உடைந்த கப்பலில் யாருக்கு எத்தனை பங்கு?
நயினாதீவுக் கல்வெட்டு பிறந்த கதை

கப்பல் உடைந்து சரக்கு கரை ஒதுங்கினால் அது யாருக்குச் சொந்தம்? யாழ்ப்பாணத்தின் தீவுப்பகுதியில் இந்தக் கேள்விக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் விடை வெட்டி வைத்திருக்கிறார்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டு, பொலன்னறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. சிங்கள அரசனின் ஆணைதான். ஆனால் அதன் சட்டப் பகுதி தமிழில் இருக்கிறது.

கல் பேசும் துறைமுகம் ஊராத்துறை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறை. பரதேசிகள், அதாவது பிறநாட்டார், இத்துறைக்கு வர வேண்டும், வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்று ஆணை தொடங்குகிறது. அடுத்து வருவது கணக்கு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு கப்பலுக்கு உடையவனுக்கு. மற்ற வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

இன்றைக்கு இதைப் படிப்பவருக்கு அரசன் கொள்ளையடிக்கிறான் என்றுதான் தோன்றும். கப்பலைப் பறிகொடுத்து நிற்பவனிடம் பாதியைக் கேட்பது என்ன நியாயம்? அன்றைய கரையோர வழக்கத்தைத் தெரிந்துகொண்டால் கணக்கு மாறிவிடும். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் நிறுவிய அபய சாசனம் அதை ஒளிக்காமல் சொல்கிறது. புயலில் அடிபட்டுக் கரை ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை, மணி எல்லாவற்றையும் முந்தைய அரசர்கள் வலுக்கட்டாயமாக எடுத்துக்கொண்டார்கள். இனிக் குறிப்பிட்ட சுங்கம் தவிர எதையும் தொட மாட்டோம் என்கிறது அது. இங்கிலாந்திலும் கரை ஒதுங்கிய சரக்கு அரசனுடையதாகத்தான் இருந்தது. 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதற்கு ஒரு வரம்பு கட்டியது. கப்பலில் இருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பிவிட்டால் அது கைவிடப்பட்ட கப்பல் ஆகாது. ஓராண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் உடையவன் வந்து சரக்கைக் கேட்கலாம்.

ஊராத்துறை ஆணை இந்த இரண்டுக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. எல்லாமே போய்விடும் என்ற நிலையில் பாதியாவது மிஞ்சும் என்ற உறுதி வணிகனுக்குப் பெரிய லாபம். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். மணற்திட்டும் கற்பாரும் நிறைந்த வழியில் காற்று மாறினால் கப்பல் தட்டும். ஒரு முறை தட்டினாலே முதல் முழுவதும் போய்விடும் துறைக்கு எவன் வருவான்?

அப்படி யோசித்துக் கப்பல் விட்டவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கல்லில் எந்த வணிகக் குழுவின் பெயரும் இல்லை. பரதேசிகள் என்று பொதுவாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அந்த நூற்றாண்டில் இந்தக் கடல்களில் ஓங்கியிருந்தவர்கள் ஐநூற்றுவர், நானாதேசிகள், வளஞ்சியர் என்ற பெருங்குழுக்கள். கருநாடகத்து ஐகொளெயில் வேர்விட்ட ஐநூற்றுவர், 1088இல் சுமாத்திராவின் பாரூசில் தமிழ்க் கல்வெட்டு நட்டு, அங்கே வரும் மரக்கலங்கள் தங்களுக்குத் தர வேண்டியதை வரையறுத்தார்கள். இலங்கையில் பதவியாவிலும் வாகல்கடையிலும் அவர்களுடைய கல்வெட்டுகள் உண்டு. பொலன்னறுவையில் வேளைக்காரர் என்ற படையினர் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்க உறுதி எடுத்தபோது, வளஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டிவைத்தே எடுத்தார்கள். அரசனோடு நேரே பேசக்கூடிய வலு இவர்களுக்கு இருந்தது.

வணிகர் சங்கம் என்றால் ஐரோப்பாவில் உடனே ஒரு கட்டடத்தைக் காட்டுவார்கள். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் லாவனம் என்ற ஊர் பழைய தோற்றம் கலையாமல் காக்கப்படுகிறது. நீலக் கம்பளித் துணி விற்றுப் பணம் சேர்த்த ஊர் அது. அங்கே வணிகர் சேர்ந்த கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற சமயச் சங்கத்தார் 1530ஐ ஒட்டி எழுப்பிய மரச்சட்ட மண்டபம் சந்தைவெளியில் இன்றும் நிற்கிறது. 1547இல் அரசு இத்தகைய சமயச் சங்கங்களின் சொத்துகளைப் பறித்தது. சங்கம் மறைந்தது. மண்டபம் சிறையாகவும் ஏழைகள் விடுதியாகவும் இருந்து, கடைசியில் அருங்காட்சியகமானது.

உள்ளூரில் நெய்து விற்றுப் பணக்காரனானவனுக்குக் கூடிப் பேசவும் விருந்து வைக்கவும் சொந்த ஊரில் மண்டபம் வேண்டும். கடலில் அலைந்து வந்து, பருவக்காற்று மாறியதும் திரும்பிப் போகிறவனுக்கு வேண்டியது வேறு. தான் இல்லாத நேரத்திலும், தன் கப்பல் மூழ்கிய பிறகும் செல்லுபடியாகும் வாக்கு ஒன்றுதான் அவனுக்கு வேண்டும்.

அந்த வாக்கைக் கொடுக்க அரசனுக்கும் காரணம் இருந்தது. பராக்கிரமபாகு படை திரட்டிய அரசன். 1165 அளவில் பர்மாவின் மீது கடற்படை அனுப்பினான். அந்தப் போருக்கு யானை வணிகத்தில் பர்மிய அரசன் போட்ட தடைகளும் ஒரு காரணம் என்று சூளவம்சம் என்ற இலங்கை வரலாற்று நூல் சொல்கிறது. சில ஆண்டுகளில் பாண்டிய நாட்டு அரியணைச் சண்டையிலும் தலையிட்டு இராமேசுவரம் பக்கம் படை இறக்கினான். போருக்கு யானை வேண்டும். குதிரையோ கடல் கடந்துதான் வந்தாக வேண்டும். யானையிலும் குதிரையிலும் தனக்குள்ள விருப்பத்தைக் கல்லில் மறைக்காமலே சொல்கிறான். தனக்கு வேண்டிய சரக்கைக் கொண்டுவருகிறவனுக்கு விலை கூட்டிக் கொடுக்கும் கடை முதலாளியைப் போலத்தான் அவன் நடந்துகொண்டான். தென்னிலங்கை முழுக்கக் கடை நடத்திய தீவுப்பகுதியாருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. அரைக்கும் காலுக்கும் இடையே அவன் விட்டுக்கொடுத்த அந்தக் காற்பங்குதான் யானைக்கும் குதிரைக்கும் அவன் வைத்த விலை.

சட்டம் தமிழில் வெட்டப்பட்டதற்கும் வணிகரை வரவழைக்கும் இந்த நோக்கமே காரணம். படிக்க வேண்டியவர்கள் தமிழ் தெரிந்த வணிகரும் மாலுமிகளும், அதை நடைமுறைப்படுத்த வேண்டிய துறைமுக அதிகாரிகளும். சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்கும்படி கல்லிலும் செம்பிலும் எழுதச் செய்ததாக ஆணை முடிகிறது. அரசன் பெயரும் பட்டமும் சமஸ்கிருதத்தில் வருகின்றன. செம்பேடு நம் கைக்கு வரவில்லை. கல் வந்து சேர்ந்தது.

ஆணை போட்டதும் துறை அமைதியாகிவிடவில்லை. சோழ நாட்டைத் தாக்கப் பராக்கிரமபாகு ஈழத்தில் கப்பல் கட்டிய இடங்களை அடுக்கும் திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டில் ஊராத்துறையும் மாதோட்டமும் இடம்பெறுகின்றன. வணிகனை அழைத்த துறையே போர்த்துறையும் ஆயிற்று. பிறகு போர்த்துக்கேயரும், 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் வன்னியில் பிடித்த யானைகளை இதே துறையிலிருந்து ஏற்றி விற்றார்கள். யானை இறங்கிய துறை யானை ஏறும் துறையாக மாறிவிட்டது.

மேற்பகுதி சிதைந்த இந்தக் கல்லின் வாசகத்தை வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் பதிப்பித்தார். குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறி அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் அந்தக் கல்லையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பண்டகசாலை எதுவும் ஊர்காவற்றுறையில் நிற்கவில்லை. வணிகர் எதற்குப் பயந்தார்கள், அரசன் எதற்கு ஆசைப்பட்டான் என்ற இரண்டையும் பங்குக் கணக்காகவே எழுதிவைத்த ஆவணம் நம்மிடம் இருக்கிறது. துறைமுகத்தைத் துறைமுகமாக்கிய பேரத்தை அதைவிடத் தெளிவாக எந்த மண்டபமும் சொல்லிவிடாது.